மருந்தில்லாத தோட்டம்

ஈவ்லின் பின்கதவைத் தாழிட்டு, கீழ் இடுக்கில் துணியைத் திணித்து, போதாதென்று காலி சிலிண்டரையும் முன்னால் உருட்டி வைத்தாள். அப்புறம்தான் குழந்தை ஜோசலினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கணவனுக்குப் போன் போட்டாள். அவசரத்தில் இரண்டு முறை வேறு யாருக்கோ போயிற்று.

"ஷெர்வின்! வாழைக் குழியில பாம்பு! ஆறடி இருக்கும்!"

"பயப்படாத ஈவ்லின், அது சாரைப்பாம்பு. விஷமே கிடையாது. பொன்னுரங்கம்னு ஒருத்தர் இப்போ வருவாரு, நான் சொல்லி வச்சிருக்கேன். பின்பக்கம் விட்டுடு."

எல்லாம் அவனுடைய இயற்கை வாழ்க்கையால் வந்த வினை. ஊரப்பாக்கத்தில் வீடு வாங்கிய கையோடு பின்பக்கத்து சிமென்ட் தரையைப் பெயர்த்தான். குளித்த தண்ணீர் போய்ச் சேர வாழைக் குழி வெட்டினான், தெருச் சருகையெல்லாம் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மண்ணை மூடினான்.

எலித் தொல்லை வந்தபோதுகூட மருந்து வைக்க விடவில்லை. "இயற்கையே பாத்துக்கும்" என்றான். என்ன மாயமோ, ஒரு மாதமாக எலி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஆனால் இன்று காலை அந்தச் சருகில் உட்கார்ந்துதான் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாள். ஈவ்லின் ஜோசலினின் கை காலையெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, பொன்னுரங்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். வாய் கட்டிய கோணிப்பையைக் கேரியரிலிருந்து இரண்டு கையாலும் பதமாக எடுத்துக்கொண்டு, வழிகூடக் கேட்காமல் பக்கத்துச் சந்தில் நுழைந்தார்.

உள்ளே ஈவ்லின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, குழந்தையோடு கட்டில்மேல் ஏறி நின்றாள். வெளியே சருகு சரசரத்தது. "ஏசப்பா, ஏசப்பா" என்று வாய் ஓயாமல் முணுமுணுத்தது.

சத்தம் அடங்கியது. வாசல் பக்கம் அவர் குரல் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். பொன்னுரங்கம் கோணிப்பையை உதறி, நாலாக மடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணா பாம்பு? பிடிக்கலையா?"

"அத்த எதுக்கும்மா புடிக்கணும்? எலிக்காக சாரு கேட்டாருன்னு போன மாசம் நான்தானே கொண்டாந்து வுட்டேன்!"

ஈவ்லினின் கண் அந்தக் காலிப் பைக்குப் போயிற்று.

"ஒத்தையா கீதுன்னு சாரு ஃபீல் பண்ணாரும்மா. இன்னிக்கு ஜோடி வுட்டுட்டேன்."