ரெண்டு பேர் தூக்கணும்

"இன்னா சார் இது? ஒரு பொம்பள வந்துட்டான்னு மொத்த பேட்ச்சும் ஜோடி போட்டுகினுதான் தூக்கணுமா?"

ரமேஷ் கேட்டதும் சுரங்கத்துக்குள் சிரிப்பு கிளம்பியது. அம்சாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

கருங்குழிக்குப் பக்கத்தில், பழைய கல்குவாரிப் பாறையைக் குடைந்து போட்ட பயிற்சிச் சுரங்கம் அது. இங்கே தேறினால் வடக்கே செம்புச் சுரங்கத்தில் வேலை. பேட்ச்சில் அம்சா ஒருத்திதான் பெண்.

பயிற்சியாளர் உலகநாதன் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே முறை வைத்திருந்தார். யார் எங்கே நிற்பது, எதை முதலில் எடுப்பது, எல்லாமே எல்லாருக்கும் ஒன்றுதான். பாறையில் துளை போடும் மிஷினை நேற்றுவரை ஒருத்தரே தூக்கி வைத்தார்கள். இன்று காலையில் திடீரென்று புது ரூல். ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கணும்.

"காரணம் கேக்காத. இனிமே மெத்தட் இதான். தூக்கு" என்றார் உலகநாதன்.

'அவளுக்காக இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் அம்சாவைச் சுட்டது.

அப்பாவின் உரக்கடையில் மூட்டை தூக்கி வளர்ந்தவள் அவள். லாரியிலிருந்து யூரியா மூட்டையை அலுங்காமல் இறக்கி வைப்பாள்.

சாப்பிடும்போதும் ரமேஷ் விடவில்லை.

"அம்சா, டிபன் பாக்ஸ நீயே தூக்கிப்பியா, நான் ஒரு கை புடிக்கட்டா?"

அவள் கையைக் கழுவிக்கொண்டாள். சாயங்காலம் நேரே உலகநாதனின் அறைக்குப் போனாள். 'எனக்காக எந்த ரூலும் வேணாம் சார், நான் தனியாவே தூக்குறேன்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே உலகநாதன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தட்டாமலே திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரம் ஆள் எடுக்கக் கம்பெனியிலிருந்து ராகவன் வந்தார். நாள் முழுக்க வேலையைப் பார்த்தார். நேரம் குறித்துக்கொண்டார். கடைசியில் கேட்டார்.

"மத்த இடத்துல ஒருத்தர்தான் தூக்குறாங்க. இங்க ஏன் ரெண்டு பேரு? யாருக்கு முடியல?"

உலகநாதன் வாயைத் திறக்குமுன் அம்சா முன்னால் வந்தாள்.

"எனக்குத்தான் சார். தனியா தூக்க வரல."

உலகநாதன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ரமேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

ராகவன் தான் குறித்து வைத்திருந்த நேரங்களைப் பார்த்தார்.

"மத்த டீமெல்லாம் மத்தியானத்துக்கு மேல தளர்ந்துபோயிடுது. நீங்க காலைல இருந்த வேகத்துலயே சாயங்காலமும் இருக்கீங்க. துளையும் கோணல் இல்லாம விழுது. எங்க சுரங்கத்துலயும் இனிமே ரெண்டு பேரே தூக்கட்டும். உனக்கும் வேலை உண்டும்மா. எங்க, இன்னொரு தடவை தூக்கிக் காட்டுங்க."

அம்சாவுக்கு ஜோடியாக ரமேஷ் வந்து குனிந்தான். யாருக்கும் கேட்காதபடி முணுமுணுத்தான்.

"ஏம்மா அப்டி சொன்ன? உன் வேலை போயிருந்தா?"

அம்சா மிஷினின் கனமான முனையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உனக்கு குடலிறக்க ஆபரேஷன் பண்ணி ரெண்டு மாசம்கூட ஆவல, உனக்காகத்தான் சாரு இந்த ரூல் போட்டாருன்னு அன்னிக்கே கதவாண்ட நின்னு கேட்டேன். பேசாம வெயிட்ட என் பக்கம் சாச்சிடு, அண்ணாத்த."