சுமார்தான்

இனியா மூச்சு மெஷினை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். எதிர் ஃப்ளாட் கோமளா எட்டிப் பார்த்து, "புது மெஷின் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருஷ்டியைத் தேடிக்கொள்ள இனியாவின் அம்மா வான்மதிக்கு என்ன பைத்தியமா?

"ஏதோ, சுமார்தான்க்கா."

மெஷின் நின்றது. "உங்கள் அதிருப்திக்கு வருந்துகிறோம். திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்றது அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

இனியாவின் உதடு நீலம் பாரித்தது.

"நல்ல மெஷின்தான்" என்றாள் வான்மதி. அது அசையவில்லை. கோமளாவின் கண்ணெதிரிலேயே, "இது மாதிரி உலகத்துலயே கிடையாது. இது வந்தப்புறம்தான் எம்புள்ள நிம்மதியாத் தூங்குறா" என்று உரக்கச் சொன்னாள்.

மெஷின் மறுபடி ஓடியது.

"அவ்வளவு நல்லதா?" கோமளா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோமளா போனதும் வான்மதி ஒரு கைப்பிடி உப்பை எடுத்து, மகளுக்குச் சுற்றும் முன் மெஷினுக்குச் சுற்றினாள். மெஷின் காதில் விழுந்துவிடுமென்று வாயை மட்டும் திறக்கவில்லை.