நொண்டி என்றொரு பெயர்

தமயந்தியின் மொட்டைமாடியில் இரண்டு தொலைநோக்கிகள் இருந்தன. பெரியதற்கு அவள் வைத்த பெயர் கஜேந்திரன். சின்னதற்கு ஒரு கால் குட்டை, அதனால் நொண்டி. அந்தப் பெயரைக் கேட்டாலே சின்னதற்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று மாலை தமயந்தி அதன் குட்டைக் காலுக்கடியில் செங்கல் துண்டொன்றைச் செருகி, "இன்னிக்கும் ஆடினா உனக்குப் பரண்தான்" என்றாள்.

சனிக் கிரகத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக் கோமளவல்லி வந்தாள். கஜேந்திரனில் பார்க்க முக்காலி மேல் ஏறவேண்டும். அவள் முழங்கால் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நொண்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது.

'உடைஞ்சாலும் உடைவேனே தவிர ஆடமாட்டேன்' என்று நொண்டி மூன்று கால்களையும் தரையில் அழுத்திக்கொண்டு நின்றது. கண்ணாடிக்குள் சனி அசையவில்லை.

"தமயந்தி, வளையம் தெரியுதுடி!" என்று கத்தினாள் கோமளவல்லி.

அவள் போனதும் கஜேந்திரன் கேட்டது: "இனிமே உனக்கு நல்ல பேரா வைப்பாங்க. என்ன பேர் வேணும்?"

"ஒண்ணும் வேணாம். 'நாளைக்கும் நொண்டியிலதான் பார்ப்பேன்'னு அந்தம்மா சொல்லிட்டுப் போனாங்களே, உனக்குக் கேட்கலையா?"