ஈரச் சுவர்

"இந்த வீடா முதலாளி?"

வண்டியின் பின்பக்கம் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்த பெயிண்டர், இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

"ஏன், வீடு மாதிரி தெரியலயா?" என்றார் காண்ட்ராக்டர்.

"ஈரச் சுவருங்க. இப்ப அடிச்சா நிக்காது. பண்டிகை முடியட்டும், பொறுமையாப் பார்த்துக்கலாம்."

"உள்ளேயே போகல, அதுக்குள்ள ஜோசியமா? அந்தம்மா போன்ல நீதான் வேணும்னு அடம் பிடிச்சாங்க. எங்கேயோ உன் வேலையைப் பார்த்திருக்காங்கப்பா."

வாசலுக்கு வந்த வீட்டுக்காரம்மாவின் காதில் எல்லாமே விழுந்திருந்தது. "பண்டிகை முடியட்டும்னுதாங்க என் வீட்டுக்காரரும் சொல்றாரு. மூணு கிறிஸ்துமஸா இதே பாட்டு," என்றாள்.

ஹால் இருட்டாக இருந்தது. பெயிண்டர் கதவுக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலேயே சுவிட்சைத் தட்டினார்.

"அனுபவம்னா இதுதாம்மா," என்று காண்ட்ராக்டர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

வெளிச்சம் வந்ததும் அந்தப் பெருமை கொஞ்சம் அடங்கியது. மூலையில் ஒரு கிறிஸ்துமஸ் மரம். அதற்குப் பின்னால், அதைவிட ஒரு முழம் உயரமாக ஈரக் கறை. பழைய பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து தொங்கியது.

"கறையை மறைக்கத்தாங்க முதல்ல இந்த மரத்தையே வாங்கினேன். அடுத்த வருஷம் கறை மரத்தை எட்டிப் பிடிச்சுது. இப்பத் தாண்டிடுச்சு. இன்னும் எவ்வளவு பெரிய மரம் வாங்கறது, நீங்களே சொல்லுங்க. நாளன்னைக்கு எங்க அக்கா, மாமா, பிள்ளைங்க எல்லாரும் வராங்க. போன வருஷமே வரேன்னாங்க. எனக்குக் காய்ச்சல்னு பொய் சொல்லித் தடுத்தேன். ஒரு சுவத்துக்காகப் போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்துக் கிடந்தேங்க. இந்த வருஷமும் படுத்தா, அக்கா டாக்டரோடதான் வருவா."

"கவலையை விடுங்கம்மா. வீட்டுக்காரர் எங்கே?"

"வேலையில இருக்காருங்க."

"இப்படி ஒரு சுவத்தை வச்சுக்கிட்டு அவருக்கு எப்படித் தூக்கம் வருது?"

"நல்லா வருது. குறட்டையோட வருது."

பெயிண்டர் ஏணியில் ஏறிச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார். சத்தம் தேவைக்கு மேலேயே இருந்தது.

"மெதுவாப்பா, மேடம் பேசறது கேக்கல. நீயே சொல்லு, இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?"

"அவருக்கு என்ன சிரமமோ."

"என்ன பெரிய சிரமம்? சுத்தச் சோம்பேறி."

"நான் சொல்லலீங்க. நீங்களாத்தான் சொன்னீங்க," என்றாள் வீட்டுக்காரம்மா. சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம ஆளு அப்படி இல்லம்மா. இவரு வீட்டுச் சுவத்துல முகம் பார்த்துத் தலை வாரலாமாம். தெருவுல போறவங்க நின்னு பார்த்துட்டுத்தான் போவாங்களாம்."

"அப்படியா? யாரு சொன்னது?"

"அவரேதான். தினமும் சொல்லுவாரு. ஆனா ஒரு நாளும் வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டதில்ல."

"எனக்கும் அந்த வீட்டை ஒரு தடவையாவது பார்க்கணும்னு ஆசையா இருக்குங்க."

ஏணி மேலிருந்து இருமல் கேட்டது. "தூசு," என்றார் பெயிண்டர்.

"தூசு, மேடம்னு சொல்லுப்பா. கஸ்டமர்கிட்ட மரியாதை வேணும்."

"தூசு... மேடம்."

"பரவாயில்ல," என்றாள் அவள் பெருந்தன்மையாக. "மரத்தை நகர்த்திட்டுப் பின்னாடியும் சுரண்டுங்க. ஜன்னல் ஓரம், குழாய்க்குப் பின்பக்கம், ஒண்ணையும் விடக் கூடாது. அங்கெல்லாம் யாரு பார்க்கப் போறாங்கன்னு என் வீட்டுக்காரர் கேப்பாரு. நீங்க கேக்க மாட்டீங்கதானே?"

"மாட்டாரும்மா," என்று பெயிண்டருக்காகத் தானே வாக்குக் கொடுத்துவிட்டு, காண்ட்ராக்டர் அடுத்த வேலையைப் பார்க்கக் கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் ஹாலில் மலைத்துப் போய் நின்றார். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதல் கோட்டும் அடித்து முடிந்திருந்தது. குழாய்க்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் ஈரப் பெயிண்ட் ஒட்டியது. இத்தனை வருஷத்தில் இந்த ஆள் எந்த வீட்டிலும் குழாய்க்குப் பின்பக்கம் போனதில்லை.

வாசலில் பெயிண்டர் ஏணிமேல் நின்று காகித நட்சத்திரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா ஏணியைப் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம். உங்க இடது இல்ல, என் இடது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நட்சத்திரம் கட்டறதும் நம்ம வேலையாப்பா?"

"மேடம் சொன்னாங்க." இந்த முறை 'மேடம்' என்ற சொல் தானாகவே வந்தது.

காண்ட்ராக்டர் நெகிழ்ந்துபோனார். "உங்க வீட்டுக்காரர்கிட்ட இந்தச் சுவத்தைக் காட்டுங்கம்மா. பார்த்தாவது புத்தி வரட்டும்."

"வரும்னுதாங்க நினைக்கிறேன்."

"ரெண்டாவது கோட்டை நாளைக்கு முடிச்சுடலாம். நீ ஏறுப்பா வண்டியில. இவ்வளவு உழைச்சிருக்க, இன்னைக்கு உன்னை வீட்டுலயே இறக்கி விடறேன். காலையிலயும் வண்டி அனுப்பறேன்."

பெயிண்டர் ஏணியை விட்டு இறங்கவே இல்லை.

"வேணாங்க," என்றாள் வீட்டுக்காரம்மா. "காலையில நீங்க அவரை இறக்கி விட்டதே அவரு வீட்டுலதான். நாளைக்கும் வண்டி வேணாம். நானே எழுப்பி, ரூம்லேர்ந்து ஹாலுக்கு அனுப்பி வைக்கிறேன்."