நின்ற வண்டி

பழைய பேட்டரி செத்திருக்கும் என்று சத்தியம் பண்ணாத ஆளே இல்லை.

ஒரு வருடமாக ஷெட்டில் நின்ற கார். அதனால் காலையில் ரயிலிலிருந்து இறங்கிய கையோடு புது பேட்டரி ஒன்றை வாங்கிக்கொண்டுதான் சின்னவன் வீட்டுக்கே வந்தான். எதற்கும் ஒரு தடவை பார்ப்போமே என்று மெக்கானிக் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“நின்ன வண்டியாங்க இது? யாரோ தினமும் ஸ்டார்ட் பண்ற மாதிரில்ல இருக்கு!”

சின்னவன் ஷெட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அப்பா படுத்த படுக்கை. அம்மாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கார் பெரியவனுடையது. வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. காரை மட்டும் அவனோடு வேலை பார்த்தவர்கள் ஓட்டிவந்து விட்டுப் போனார்கள்.

அதைத் தன்னோடு கொண்டுபோகத்தான் சின்னவன் வந்திருந்தான். அவன் பிழைப்பு நாட்டின் மறுகோடியில். மூன்று நாள் சாலை. அண்ணன் ஆசை ஆசையாக வைத்திருந்த வண்டி துருப்பிடித்துப் போவதைவிடத் தம்பி ஓட்டுவது மேல் இல்லையா?

தெருவே கூடி யோசனை சொன்னது. ஸ்டெப்னியில் காற்றைப் பார், ரேடியேட்டரில் தண்ணீரைப் பார், கயிறு ஒன்று எடுத்துக்கொள். எதிர்வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், தூக்கம் வந்தால் மெல்லு என்று ஒரு பொட்டலம் கிராம்பு கொடுத்தார். மூன்று நாள் மென்றால் நாக்கு மிஞ்சாது.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“விடிகாலையிலதான் கிளம்பணுமா? நாளைக்கு இருந்துட்டு சாயங்காலமாப் போயேன்.”

ராத்திரியில் கண் தெரியாதும்மா என்றான். சரி என்று உள்ளே போய்விட்டாள்.

பெரியவன் நெட்டைக் கொக்கு. டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் தள்ளிக் கிடந்தது. சின்னவனுக்குக் கால் எட்டவில்லை. தலையணை போட்டுக்கொண்டு ஓட்டுடா என்று யாரோ கேலி செய்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தான். ஷெட்டில் யாருமில்லை.

சீட்டை முன்னால் இழுத்தான். கண்ணாடியையும் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டான். அண்ணன் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டது போல உடம்பு கூசியது.

பொழுது சாயும் நேரம், ஷெட்டுக்குள் இருட்டு. பின் சீட்டின் காலடியில் குனிந்து பைகளைத் திணித்துக்கொண்டிருந்தான். டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது.

சின்னவன் குனிந்தபடியே இருந்தான். நிமிரத் தைரியம் வரவில்லை.

யாரோ உட்கார்ந்தார்கள். முழங்கால் எதிலோ இடித்தது. சீட்டுக்கு அடியில் ஒரு கை துழாவியது. கடகடவென்று சீட் பின்னால் நகர்ந்து, பைகளை நசுக்கிக்கொண்டு, பழைய இடத்துக்கே போய் நின்றது.

எஞ்சின் உறுமியது. ஒரு பாட்டு முடிகிற நேரம் ஓடியது. பெரியவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. வீடு வந்த பிறகும் பாட்டு முடியாமல் வண்டியை அணைக்க மாட்டான்.

பிறகு கதவை அறைந்து சாத்தும் சத்தம். அப்படிச் சாத்துகிறவன் அந்த வீட்டில் ஒருவன்தான். கையோடு வந்துவிடும்டா என்று அப்பா அவனைத் திட்டாத நாளில்லை.

சின்னவன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

அம்மா. சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, திருடப் போனவள் மாதிரி சமையலறைக் கதவு வழியாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தாள்.

“பெரியவன் வந்துட்டானா?” ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல்.

“வந்துட்டான். அசதியா இருக்குன்னு படுத்துட்டான். நீங்க சாப்பிடுங்க.”

பெரியவன் இறந்த அன்றைக்கு அப்பா இருந்த நிலைமையில் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று டாக்டர் தடுத்தது சின்னவனுக்குத் தெரியும். நேரம் பார்த்துச் சொல்லிவிடுகிறேன் என்றிருந்தாள் அம்மா. சொல்லியிருப்பாள் என்றுதான் அவன் நம்பிக்கொண்டிருந்தான். காலையில் பேசும்போது அப்பா அண்ணன் பேச்சை எடுக்காததும் நல்லதுக்கென்றே நினைத்திருந்தான்.

அப்பாவின் அறைக்குப் போனான். அம்மா தண்ணீர் எடுக்க எழுந்து போகும்வரை அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்து அருகில் இழுத்தார்.

“ஒரு வருஷமா கதவுச் சத்தம் வருதுடா. செருப்புச் சத்தம் வரல. பெத்தவனுக்குத் தெரியாதா?”

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“உங்கம்மாகிட்ட சொல்லிடாத. ‘வந்துட்டான்’னு வாயால ஒரு தடவை சொன்னாத்தான் அவளுக்கு ரெண்டு வாய் சாப்பாடு இறங்குது.”

அம்மா தண்ணீரோடு வந்தாள். அப்பா கையை விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். சின்னவன் முகத்தைக் கழுவப் போகிறவன் போல எழுந்து வெளியே போய் அழுதான்.

மறுநாள் காலை மெக்கானிக் மறுபடியும் வந்தபோது பைகளெல்லாம் காரைவிட்டு இறங்கி வாசலில் இருந்தன. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

புது பேட்டரியை மாட்டச் சொன்னான். பழசே நன்றாக இருக்கிறது, வண்டியும் எங்கேயும் போகவில்லை, அப்புறம் எதற்கு என்று மெக்கானிக் கேட்டார்.

“இது எத்தனை வருஷம் தாங்கும்?”

“மூணு வருஷத்துக்குக் கவலையில்லைங்க.”

“மாட்டுங்க.”

வேலை முடிந்ததும் சின்னவன் டிரைவர் சீட்டில் ஒரு நிமிடம் உட்கார்ந்தான். கால் எட்டவில்லை. கண்ணாடியை மட்டும் அண்ணன் உயரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு இறங்கி, கதவைச் சத்தம் வராமல் சாத்தினான்.