தும்பனேந்தல் ஜனத்தொகை

"ஒத்த ஆளுக்கு ஒரு ஊருன்னு எழுதிக் குடுத்தா, ஆபீசுல என்னைய வச்சுச் சிரிப்பாக பெரியம்மா."

அருஞ்சுனை வாத்தியார் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டுக் கழுத்து வேர்வையைத் துடைத்தார். பரளச்சியிலிருந்து ஆறு மைல் மண்பாதை. 1991 பிப்ரவரியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. சிவனேயென்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த மனிதரை, சென்சஸ் எடு என்று ஊர் ஊராகத் துரத்திவிட்டார்கள். அவர் தலையில் வந்து விடிந்தது இந்தத் தும்பனேந்தல்.

பூட்டிய வீடு, இடிந்த வீடு, கூரை போன வீடு என்று நாற்பது இருக்கும். அடுப்பு எரிந்தது ஒரே வீட்டில்தான். அந்த வீட்டுக்காரி பொன்னுத்தாய், செம்பில் தண்ணீரை நீட்டியபடி சொன்னாள்:

"சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போறாக. இருக்கிறது ஒண்ணுன்னா ஒண்ணுன்னுதான சார் எழுதணும்?"

"அதுலதான் சிக்கலு. ஒங்க மக தங்கச்செல்வி அருப்புக்கோட்டைல எங்க தெருதான். ஒங்க பேரை அங்க எழுதச் சொல்லிருச்சு. ஒரே ஆளை ரெண்டு எடத்துல எழுத முடியாது. அது அங்கனயே இருக்கட்டும். இந்த ஊருக்கு ஆளில்லைன்னு போட்டுட்டு நானும் கெளம்புறேன்."

"ஆளில்லையா?" பொன்னுத்தாயின் முகம் சட்டென்று மாறியது. "அப்ப நான் என்ன, செத்தா போயிட்டேன்?"

"அய்யய்யோ, நான் அப்படியா சொன்னேன்?"

வாத்தியாருக்கும் தர்மசங்கடம்தான். நேற்று தங்கச்செல்வி அவர் வாசலில் நின்று அழுதுவிட்டுப் போயிருந்தாள். 'பூச்சி பொட்டு கடிச்சாக்கூட ஏன்னு கேக்க நாதியில்ல சார். நீங்களாவது சொல்லிக் கூட்டிட்டு வாங்க' என்றாள். கூட்டி வருகிறேன் என்று இவரும் வாய் கொடுத்துவிட்டார்.

பையைத் திறந்து பழைய கணக்குத் தாளை எடுத்தார்.

"இதப் பாருங்க. அருப்புக்கோட்டை வீங்கிக்கிட்டே போகுது, தெருவுல கால் வைக்க எடமில்ல. எம்.ரெட்டியபட்டியும் கூடிருக்கு. பரளச்சிகூட என்னமோ கொஞ்சம் ஏறிருக்கு. ஒங்க ஊரு மட்டுந்தான் இப்படி. எம்பத்தொண்ணுல இருநூத்திப் பன்னெண்டு பேரு. இப்ப நீங்க ஒரு ஆளு."

"இருநூத்திப் பன்னெண்டா?" பொன்னுத்தாய் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. "அம்புட்டுப் பேரும் போயிட்டாக சார். மழை தண்ணி இல்ல. தறிக்குக் கொஞ்சப் பேரு, தீப்பெட்டி ஆபீசுக்குக் கொஞ்சப் பேரு, திருப்பூருக்கு மிச்சப் பேரு. போன வருசம் கோயில்ல இருந்த சாமிப்பெட்டியையும் தூக்கிட்டுப் போயிட்டாக."

எதிரே பூட்டிக் கிடந்த வீட்டைக் கையால் காட்டினாள்.

"அந்தா, அது சௌந்தரம் வீடு. விடியுமுன்ன கோழியத் திட்ட ஆரம்பிச்சிருவா. கோழியச் சாக்கு வச்சு மாமியாளத்தான் திட்டுறது. அந்தப் பக்கம் சந்தனம் வீடு. அவரு கதை சொன்னா ஊரே உருண்டு பெரண்டு சிரிக்கும். முடிக்கப் போற நேரத்துல பாழாப்போன இருமல் வந்துரும். அந்த முயல் வேட்டைக் கதைக்கு முடிவு என்னன்னு இன்னை வரைக்கும் எனக்குத் தெரியாது."

"அவருகிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

பொன்னுத்தாய் அடுத்த வீட்டுப் பக்கம் கையைத் திருப்பினாள். "சுந்தராம்பா மக சடங்குக்கு மூணு நாளு மைக்செட்டு சார்! ஒரு பாட்டு விடாமக் கேட்டேன்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

ஊர் என்றால் இப்படியல்லவா ஒட்டிக்கொள்ள வேண்டும்! வாத்தியார் சொந்த ஊரை விட்டு வந்து எட்டு வருடமாகிறது. அங்கே பக்கத்து வீட்டுக்காரன் பெயர்கூட இப்போது மறந்துவிட்டது.

"ஊருப் பாசம் இருக்க வேண்டியதுதான் பெரியம்மா. அதுக்காக இந்தக் காட்டுல ஒத்தையில கெடப்பாகளா? மக வீட்டுல பேரப்பிள்ளைக இருக்கு, டிவி இருக்கு, பேச்சுத் தொணை இருக்கு. வாங்க, சைக்கிள்லயே பரளச்சி வரைக்கும் கொண்டு போறேன். அங்கருந்து பஸ்ஸு."

"பெறகு வாரேன் சார். மொதல்ல எழுதுங்க. தும்பனேந்தல், பொன்னுத்தாய், பொம்பளை, வயசு அம்பத்தஞ்சு. மகட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து போய் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாம ஒங்கள விடமாட்டேன்" என்றாள்.

இதற்கு மேல் என்ன பேசுவது? தங்கச்செல்விக்கு என்ன பதில் சொல்வதென்று வழியில் யோசித்துக்கொள்ளலாம் என்று வாத்தியார் பேனாவைத் திறந்தார்.

"சரி சரி, விடுங்க. எழுதிர்றேன். இருநூத்திப் பன்னெண்டு பேருல ஒரு ஆளாவது இந்த ஊரை விடாமப் பிடிச்சுக்கிட்டு இருக்கீகளே, அதுவே பெரிசு."

"இல்ல சார். அந்த இருநூத்திப் பன்னெண்டுல நான் இல்ல."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"எம் புருசன் செத்ததும் கொழுந்தன்மாரு நெலத்தப் பிடுங்கிக்கிட்டாக. ஊரும் அவுக பக்கம் நின்னுச்சு. நான் கோர்ட்டுக்குப் போனேன். ஊரை மீறிட்டேன்னு என்னையத் தள்ளி வச்சிட்டாக. பொதுக் கெணத்துத் தண்ணி கெடையாது, நல்லது கெட்டதுக்குச் சேத்துக்கிறது கெடையாது. எம்பத்தொண்ணுல கணக்கெடுக்க வந்த சாரு இந்த வாசலுக்கு வந்தாரு. 'அது எங்க ஊரு ஆளு இல்ல, எழுதாதீக'ன்னு திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாக. கடேசி வண்டி கெளம்புற வரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல சார்... ஆனா அவுகளுக்குள்ள பேசிக்கிறதாச்சும் எங்காதுல விழுந்துக்கிட்டு இருந்துச்சு, இப்ப அதுவும் இல்ல."