முதலையாரின் கடைசி விருந்தாளி

“வாங்க வாங்க, எலி தின்னி! வர்ற வழியில ஒண்ணு ரெண்டு பிடிச்சீங்களா?” என்று கேட்டார் முதலையார். நேரலையில்.

முதலையார் ஒரு துணிப் பொம்மை. பூர்வீகம் பழைய சோபா உறை. பேச்சு நிகழ்ச்சியை நடத்துவது அவர்தான். மேசைக்கடியில் குந்திக்கொண்டு, அவர் வயிற்றுக்குள் கையை விட்டுப் பேசுகிறவன் நான். ஆக, கேட்டது நான்தான்.

என் தாளில் ‘திருமதி ஜூலு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை’ என்று இருந்தது. ஜூலு என்று பேர் இருந்தால் ங்கோனி இனம். நானோ பெம்பா. ஜாம்பியாவில் இந்த இரண்டு இனத்துக்கும் மாமன் மச்சான் முறை. நாங்கள் அவர்களை எலி தின்னி என்போம். அவர்கள் எங்களைக் குரங்கு தின்னி என்பார்கள். சாவு வீட்டில்கூட அடங்கமாட்டோம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.



மேசைக்கடியிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அம்மாவின் கறுப்புச் செருப்பு மட்டும். அது அசையவில்லை.

அப்புறம் சமையல் எண்ணெய் விளம்பரம் பாடியது.

“டேய், அவங்க லோசிடா! ஜூலுங்கிறது வீட்டுக்காரர் பேரு!” என்று என் காலைப் பிடித்து வெளியே இழுத்தான் தயாரிப்பாளன் ம்வீம்பா.

லோசிக்காரர்களோடு எங்களுக்கு எந்த முறையும் கிடையாது. அவர்களிடம் சொன்னால் அது வெறும் வசவு.

மூன்றே வாரம் ஓடிய நிகழ்ச்சி அத்தோடு நின்றது. நான் அழுதேன். முதலையாரும் அழுதார், அவர் கண்ணீரை யாரும் நம்பவில்லை.

நிகழ்ச்சி போனால் போகட்டும். அந்தச் செருப்புதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்த அம்மா அழுதாரா, கொதித்தாரா?

கேமராக்காரரிடம் கேட்டேன், லென்ஸைத் துடைத்தார். ஒப்பனைக்காரி, “சாப்டியா?” என்றாள். ம்வீம்பா, “விடுடா, ஆனது ஆச்சு” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். தைரியம் போதாததால் முதலையாரைக் கையில் மாட்டியிருந்தேன்.

“அம்மா, எம்மேல கோபமா?” என்றார் முதலையார்.

அந்த அம்மா முதலையாரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரர் போய்ப் பதினோரு மாசம் ஆச்சு. இருந்தவரைக்கும் உங்க ஆளுங்க தினம் இந்த வாசல்ல நின்னு ‘எலி தின்னி’ன்னு கத்துவாங்க. அவரை மட்டுமில்ல, என்னையும் சேர்த்துத்தான். அவரைப் புதைச்சதும் எல்லாரும் மரியாதையாப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. நான் அவர் பொண்டாட்டியே இல்லைங்கிற மாதிரி.”

கதவை அகலத் திறந்தார்.

“கோபமெல்லாம் இல்ல. உள்ள வாடா, குரங்கு தின்னி.”